பஞ்சறை அலாரம்

கடமலைக்குண்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, "இலவம்பஞ்சு வியாபாரம், நல்ல இடம்" என்றுதான் சொன்னார்கள். அந்தப் பஞ்சுக்குள்ளேயேதான் குடியிருக்கிறார்கள் என்பதை ஒருத்தரும் சொல்லவில்லை. மாசி பிறந்தால் வருசநாட்டுப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து காய் வந்து இறங்கும். வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த களத்தில் பெண்கள் உட்கார்ந்து காயை உடைத்து, விதையை நீக்கி, பஞ்சைச் சாக்குகளில் திணிப்பார்கள். சித்திரை முடியும்வரை எங்கள் வீட்டில் காற்றே வெள்ளையாக இருக்கும். ரசத்தில் பஞ்சு, தலைமுடியில் பஞ்சு, தூங்குகிறவர் மூக்கில் பஞ்சு. வந்த புதிதில் தும்மித் தும்மியே எனக்குப் பாதி உயிர் போனது.

வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். தெருவை ஒட்டி முன்னறை, அங்கே மெத்தையும் தலையணையும் விற்போம். அதற்கு உள்ளே நாங்கள் புழங்கும் அறையும் அடுப்படியும். அதையும் தாண்டினால் பஞ்சறை. இரண்டு பக்கமும் கூரைத் தளம் வரைக்கும் சாக்குகள், நடுவில் ஆள் நடக்கிற அளவுக்கு ஒரு வழி, சாக்குகளை ஏற்றி இறக்கக் களத்துப் பக்கம் ஒரு கதவு. பஞ்சறையின் கடைசியில் ஒரு சின்ன அறை. அதில்தான் என் மாமனார் படுத்திருந்தார். குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவரால் எழுந்து நடக்க முடியாது. மாமியார் முன்னமே காலமாகிவிட்டதால் அவரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அந்த அறைக்கு ஒரு கம்பி போட்ட ஜன்னல், ஒரே ஒரு வாசல். அந்த வாசலும் பஞ்சறைக்குள்தான் திறக்கும்.

இலவம்பஞ்சில் பிடிக்கும் தீயைப் பற்றித் தெரியாதவர்களுக்கு நான் ஏன் அவ்வளவு பயந்தேன் என்பது புரியாது. ஒரு பொறி சாக்குக்குள் புகுந்துவிட்டால் வெளியே தெரியாமல் மணிக்கணக்காகக் கனிந்துகொண்டே இருக்கும். வெளியே வரும்போது பக்கென்று வரும். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாலும் பிரயோசனமில்லை. அந்தப் பஞ்சு தண்ணீர் குடிக்காது, மேலேயே உருட்டிவிடும். சாக்கை இழுத்து வெளியே போட்டு மண்ணை அள்ளிக் கொட்டினால்தான் உண்டு. அப்படிப்பட்ட அறைக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு எங்கள் மாமா பீடி குடிப்பார்.

"மாமா, பஞ்சுக்குப் பக்கத்துல பீடியா? உங்களுக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

"நீ பொறக்கறதுக்கு முந்தி இருந்து குடிக்கிறேன். ஒரு சாக்கு கருகியிருக்கா? போத்தா, போயி வேலையப் பாரு."

"அப்பன்னா முன்னறைக்கு வாங்க. கட்டிலைத் தூக்கி அங்கன போட்டுருவோம்."

"போறவன் வர்றவனெல்லாம் நான் மல்லாந்து கெடக்கறதப் பாத்து உச்சுக் கொட்டணுமாக்கும்? செத்தாலும் இங்கனதான்."

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது. "செத்தா நீங்க போயிருவீக, போலீசுக்குப் பதில் சொல்றது நான்ல" என்று ஒருநாள் கத்திவிட்டேன். படுத்த படுக்கையாக இருக்கும் மனிதரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? ஆனால் உள்ளுக்குள் எனக்கு இருந்தது பயம்தான். தீப்பிடித்தால் இந்த ஆளை எந்த வழியாக, எப்படித் தூக்கிக்கொண்டு வருவது? அரிசி களையும்போதும் துணி துவைக்கும்போதும் இதே யோசனைதான் ஓடும். என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "ஒண்ணும் ஆகாது புள்ள" என்பார். அவருக்கு எல்லாமே ஒன்றும் ஆகாது.

இரண்டாயிரத்து மூன்றோ நாலோ, கொழுந்தனார் லீவில் வந்தார். அவருக்குக் கப்பலில் எலக்ட்ரிக் வேலை. நான் சென்ட் பாட்டில் கேட்டிருந்தேன். அவர் பையிலிருந்து வட்டமாக, வெள்ளையாக, சின்னத் தட்டு அளவில் ஒரு சாமானை எடுத்துக் கொடுத்தார்.

"என்ன தம்பி இது, லைட்டா?"

"ஸ்மோக் டிடெக்டர் மதினி. புகை பட்டா கத்தும். கப்பல்ல ரூமுக்கு ரூம் இருக்கும். நம்ம வீட்டுல எங்க மாட்டணும்னு உங்களுக்குத் தெரியும்ல?"

சென்ட் பாட்டில் கிடைக்காத கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. என் பயத்தை அந்த வீட்டில் மதித்த முதல் ஆள் அவர்தான். பஞ்சறைத் தளத்தின் நடுவில் திருகாணி போட்டு மாட்டினார். மாதம் ஒரு தடவை நடுவில் இருக்கும் பொத்தானை அமுக்கிப் பார்க்க வேண்டும், பஞ்சு அடைத்துக்கொள்ளும் வீடு என்பதால் பிரஷ்ஷால் ஓட்டைகளைத் துடைக்க வேண்டும், வருசத்துக்கு ஒரு தடவை பேட்டரி மாற்ற வேண்டும் என்றார். பேட்டரி தீரப்போனால் அதுவே அடிக்கடி 'கீச்' என்று சத்தம் கொடுக்கும் என்றும் சொன்னாராம். என்னிடம் சொல்லவில்லை, அண்ணனிடம் சொன்னாராம். அண்ணனோ கேட்டதாக ஞாபகமே இல்லை என்கிறார். அந்த வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை.

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "பொத்தானை அமுக்கினா பேட்டரியும் சத்தமும் சரியா இருக்குன்னு தெரியும், அவ்வளவுதான். கப்பல்ல நாங்க புகையையே அடிச்சுப் பாப்போம் மதினி." பெருமைக்குச் சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். புகைக்கு எங்கள் வீட்டில் என்ன பஞ்சம்? வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு அறை அறையாகச் சாம்பிராணி காட்டுகிற வழக்கம் இருக்கிறதே.

முதல் வெள்ளிக்கிழமை தூபக்காலை அந்தச் சாமானுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். அது போட்ட கூச்சலில் களத்துப் பெண்கள் காயைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினார்கள், கோழி கூரைமேல் ஏறிவிட்டது, மாமா இந்த வீட்டில் எனக்குக் கிடைக்காத வசவையெல்லாம் அதற்குக் கொடுத்தார். எனக்கோ காதில் தேன் பாய்ந்தது. அதிலிருந்து வாராவாரம் சாம்பிராணியும் அலாரமும் சேர்ந்தே நடந்தன. முக்காலி போட்டு ஏறி, பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் பஞ்சைத் தட்டிவிடுவேன். வேறு எந்த வேலையை விட்டாலும் விடுவேன், இதை விடமாட்டேன். மாமாவும் அலாரத்துக்குப் பயந்து, படுத்தபடியே கைத்தடியால் அறைக்கதவைத் தள்ளிச் சாத்திக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பித்தான் பீடி குடித்தார். அதுவே பெரிய விசயம் என்று நினைத்தேன்.

அடுத்த வருசம் பங்குனியில் கொழுந்தனாருக்குக் கூடலூரில் பெண் பார்த்தார்கள். மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "நல்ல குடும்பந்தான்டா, நமக்குத் தோதுப்படும்" என்று மாமா சொல்லி முடிக்கவும் 'கீச்' என்றது.

"பாத்தியாலே, பல்லியே சொல்லிருச்சு" என்று மாமா கட்டில் சட்டத்தை விரலால் தட்டினார். என் வீட்டுக்காரரும் தரையைத் தட்டினார். நானும்தான் தட்டினேன், பொய் சொல்வானேன்? பல்லி சொன்னால் தட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

அந்தப் பல்லி நாலைந்து நாள் நன்றாகச் சொன்னது. பஞ்சு விலை ஏறுமா என்றால் கீச். பெண் வீட்டுக்கு வியாழக்கிழமை போகலாமா என்றால் கீச். போய் உறுதி செய்துவிட்டும் வந்தோம். என் ஓரகத்திக்கு இந்தக் கதை இன்றுவரை தெரியாது. பிறகு சத்தம் நின்றுபோனது. பல்லி களத்துப் பக்கம் போயிருக்கும் என்று விட்டுவிட்டோம்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் தூபக்காலைத் தூக்கிப் பிடித்தேன். சத்தம் இல்லை. இன்னும் கொஞ்சம் சாம்பிராணி போட்டேன். புகை போய் நன்றாக மூடியது, அப்போதும் சத்தம் இல்லை. முக்காலி போட்டு ஏறிப் பிரஷ்ஷால் தட்டினேன், பொத்தானை அமுக்கினேன். ஒன்றுமே இல்லை. அப்போதுதான் அந்தக் 'கீச்' என் மண்டையில் உறைத்தது. எத்தனை நாளாக மாமா அந்த அறையில் காவல் இல்லாமல் கிடந்திருக்கிறார்! நாங்கள் பேட்டரியிடம் ஜோசியம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

வீட்டுக்காரர் தேனிக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். ஈரத் தலையோடு நானே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, ரேடியோக் கடையில் அந்தச் சதுர பேட்டரியை வாங்கிவந்து மாட்டினேன். பொத்தானை அமுக்கினேன், கத்தியது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எனக்குப் புகை பட்டுக் கத்த வேண்டும். தூபக்காலில் கங்கு அடங்கிப்போயிருந்தது. இரண்டு கொட்டாங்குச்சிச் சில்லைப் போட்டு, அலாரத்துக்குக் கீழே நின்றுகொண்டே விசிறியால் வீசு வீசென்று வீசினேன். கங்கு படபடவென்று சிவந்தது. சாம்பிராணியை அள்ளிப் போட்டதும் அலாரம் ஊரைக் கூட்டியது.

"போதும் ஆத்தா, காது போகுது!" என்று உள்ளேயிருந்து மாமா கத்தினார்.

"இருக்கட்டும் மாமா, நல்லாக் கேளுங்க!" என்றேன். அப்பாடா என்று இருந்தது. அன்று சமையலில் உப்பு புளி எல்லாம் சரியாக விழுந்தது.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். பெண்கள் களத்து வேப்பமரத்தடியில் காலை நீட்டியிருந்தார்கள். நான் முன்னறையில் தலையணை உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். அலாரம் அடித்தது.

நெருப்பு என்று தோன்றவில்லை. பீடி என்றுதான் தோன்றியது. 'கதவைத் திறந்து வச்சுக்கிட்டே ஊதுறாரா? இன்னைக்கு இந்த மனுசனை உண்டு இல்லன்னு பண்றேன்' என்று வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டே போனேன். பஞ்சறைக் கதவைத் தள்ளினால் முகத்தில் வந்து அடித்தது புகை, கருகின துணி வாடை. நடுவழியில், இடது பக்க வரிசையில், அடிச்சாக்கு ஒன்றின் ஓரம் கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. புகைக்கு அந்தப் பக்கம் மாமா இருமுவது கேட்டது.

நான் போட்ட கூச்சலில் அலாரம் தோற்றிருக்கும். களத்துக் கதவைத் திறந்துகொண்டு பெண்கள் ஓடிவந்தார்கள். அவர்களில் மூத்தவள் முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு, "ஆத்தா, சாக்கு கெடக்கட்டும். மொதல்ல பெரியவரத் தூக்கு!" என்றாள். உள்ளே ஓடினோம். மாமா கட்டிலிலிருந்து பாதி கீழே சரிந்து, சட்டத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

"என்னைய விடுங்க. சாக்க இழுங்க, பஞ்சு போயிரும்!"

"வாய மூடிக்கிட்டுக் கெடங்க மாமா!"

மெத்தைமேல் விரித்திருந்த ஜமுக்காளத்தோடு அவரைச் சேர்த்து நாலு பேர் நாலு மூலையில் பிடித்தோம். எலும்பும் தோலுமாக இருக்கிறார் என்று தினமும் நினைத்த மனிதர் அன்று கல்லாகக் கனத்தார். புகைகிற சாக்கைத் தாண்டும்போது என் சேலை அதில் உரசியது. 'ஈஸ்வரா, இன்னும் நாலு எட்டு, நாலே எட்டு' என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். களத்துக் கதவைத் தாண்டி வேப்பமரத்தடியில் அவரை இறக்கவும், பின்னால் பக்கென்று சத்தம் கேட்டது. சாக்கு பற்றிக்கொண்டது.

அதற்குள் தெருவே வந்துவிட்டது. கொக்கி போட்டு எரிகிற சாக்கையும் அடுத்த சாக்கையும் களத்துக்கு இழுத்து, மண்ணை அள்ளிக் கொட்டி மிதித்தார்கள். இரண்டு சாக்கோடு போனது, சுவர் கறுத்தது, அவ்வளவுதான். மாமாவின் வேட்டி எங்கேயோ அவிழ்ந்து விழுந்திருந்தது. வெறும் ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொண்டு ஊர் முழுக்கப் பார்க்க அவர் மரத்தடியில் கிடந்தார், முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. உள்ளே அலாரம் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. "அத யாராச்சும் நிறுத்துங்கப்பா" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "கத்தட்டும் விடுங்கண்ணே" என்றேன். மாமாவின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது சூடாக இருந்தது, அசைந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

பொழுது சாய என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். அப்பா உயிரோடு இருப்பதைப் பார்த்ததும் அவருக்கு முதலில் வந்தது கோபம்.

"பீடியாப்பா?"

"ஆமாலே. துண்டை அணைக்காம வெளிய எறிஞ்சிட்டேன். தெரியாமப் பண்ணிட்டேன்."

ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்றே காலம் தள்ளிய மனிதர் அன்று பேசிய பேச்சு! அப்பா என்று பார்க்காமல் திட்டினார். மாமா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். சும்மா இருந்தேனா நான்? "தலபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டாகளா?" என்று என் பங்குக்கும் கொளுத்திப் போட்டுவிட்டு, விளக்குமாறை எடுத்துக்கொண்டு பஞ்சறையைக் கூட்டப் போனேன்.

கூட்டும்போதுதான் கண்ணில் பட்டது. எரிந்த சாக்கு இருந்த இடம் அலாரத்துக்கு நேர் கீழே. மாமாவின் வாசலுக்கும் அதற்கும் நடுவில் நாலு சாக்கு துளிக்கூடக் கருகாமல் நின்றன. படுத்திருக்கிறவர் வீசிய பீடித்துண்டு அவ்வளவு தூரம் வரவே வராது. தரையில் விளக்குமாற்றில் உருண்டது, நகத்தளவு இரண்டு கரித்துண்டு. கையில் எடுத்துப் பார்த்தேன். கொட்டாங்குச்சிக் கரி.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பீடியை நெருப்பு என்று சொல்லி ஒரு மனிதரை வருசக்கணக்காக வைதவள் நான். வெள்ளிக்கிழமை தவறாமல் கங்கை ஏந்திக்கொண்டு பஞ்சுச் சாக்குகளுக்கு நடுவில் நடந்தவளும் நானேதான். வேலைக்கு வந்த பெண்கள் பார்த்தார்கள், வீட்டுக்காரர் பார்த்தார், மாமா பார்த்தார். ஒருத்தருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. சாம்பிராணியை நாங்கள் நெருப்பு என்று நினைத்ததே இல்லை, அது சாமி காரியம். தீ வருகிறதா என்று பார்க்க நானே தீயைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

மாமாவை அன்றைக்கு முன்னறையில் படுக்கப் போட்டிருந்தோம். வீட்டுக்காரர் வாசலில் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். கரியை உள்ளங்கையில் வைத்து மாமாவிடம் நீட்டினேன்.

"மாமா, நீங்க இன்னைக்குப் பீடியே குடிக்கலதான?"

பார்த்தார். "குடிக்கல."

"பெறகு ஏன் ஆமான்னு சொன்னீக? நானும்ல சேந்து வஞ்சேன்!"

"புகை எந்தச் சாக்குல இருந்து வந்துச்சுன்னு நாந்தான மொதல்ல பாத்தேன். காலைல நீ எங்கன நின்னு விசிறுனேன்னும் தெரியும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என்னைய வஞ்சா ரெண்டு நாளு. உன்னைய அவன் ஒரு வார்த்த சொல்லிப்புட்டான்னு வையி, உன் ரோசத்துக்கு நாளைக்கு முக்காலியில ஏற மாட்டே. நீ ஏறலைன்னா என்னையப் பாக்க யாரு இருக்கா?"

என்னவெல்லாம் பேசியிருக்கிறேன் இவரை! அவரோ, அவர் உயிருக்கு என்னைத்தான் நம்பியிருந்திருக்கிறார். நேரே வாசலுக்குப் போய், பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார் என்றும் பார்க்காமல், "தீ வச்சது நாந்தாங்க, மாமா இல்ல" என்று கரியைக் காட்டினேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். என் வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. கரியை வாங்கிப் பார்த்தார். பிறகு உள்ளே போய், அப்பாவின் தலையைத் தூக்கி, தலையணையைத் தட்டிச் சரிசெய்து வைத்தார்.

சாம்பிராணி அதன்பிறகு முன்னறைச் சாமிப் படத்தோடு சரி. பஞ்சறையில் பொத்தானை மட்டும் அமுக்கினேன், வாரம் தவறாமல். அதெல்லாம் பிந்தி நடந்தது. அன்றைக்குக் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். ஒரு தடவை கேட்டால் தீருமா, திரும்பத் திரும்பக் கேட்டேன். மாமாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"அட, உசுரோடதான இருக்கேன்? எந்திரி, பசிக்குது, சோத்தப் போடு" என்றார். எழுந்துபோய் உலை வைத்தேன்.